துணியில் எழுதிய வாழ்க்கை: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கறுப்பின ஓவியரும் குவில்ட் கலைஞருமான ஃபெய்த் ரிங்கோல்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, துணித் துண்டுகளைக் கொண்டு ஒருவர் தம் வாழ்க்கைக் கதையைச் சொல்ல முடியுமா என்பதையொட்டி வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ரிங்கோல்டை ஓவியர் என்றும் குவில்ட் கலைஞர் என்றும் இரண்டு விதமாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். குவில்ட் என்பது என்ன? ஓவியம் படித்தவர் போர்வை தைக்க வந்தது ஏன்?
– ஒரு வாசகர், சேலம்

குவில்ட் என்பது மூன்று அடுக்குகள் கொண்ட போர்வை. துண்டுத் துணிகளை வெட்டி இணைத்த மேல்துணி, நடுவே கதகதப்புக்காகப் பரப்பிய பஞ்சு, அதற்குக் கீழே அடித்துணி என்று மூன்றையும் அடுக்கி, ஒன்றைவிட்டு ஒன்று நழுவாதபடி மேலிருந்து அடிவரை ஊசி இறங்கும் நெருக்கமான ஓட்டுத் தையலால் அவற்றைப் பிணைப்பார்கள். கிழிந்த சட்டை, மாவு மூட்டைத் துணி, தைத்தது போக மிஞ்சிய கட்பீஸ் என்று கையில் கிடைத்ததைக் கொண்டு, பிள்ளைகள் குளிரில் நடுங்காமலிருக்க வீட்டுப் பெண்கள் செய்துவந்த பொருள் இது.

ரிங்கோல்ட் 1930 அக்டோபர் 8 அன்று நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் பிறந்தார். ஆஸ்துமாவினால் அடிக்கடி பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டிலேயே இருந்த அந்தச் சிறுமிக்கு, ஆடை வடிவமைப்பாளரான தாயார் வில்லி போஸி பாடமும் சொல்லிக்கொடுத்து, வண்ணங்களையும் துணித் துண்டுகளையும் கையில் கொடுத்து உட்காரவைத்தார். 1950இல் நியூயார்க் சிட்டி கல்லூரியில் ஓவியம் படிக்கப் போனபோது அந்தப் பிரிவில் பெண்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே ஆசிரியர் பயிற்சிப் பிரிவில் சேர்ந்து, அதன் வழியாக ஓவியம் கற்று, 1955இல் பட்டம் பெற்று, 1973 வரை நகரப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்தார். அந்த ஆண்டுகளில் அவர் வரைந்தவை பெரிய எண்ணெய் ஓவியங்கள். இனக் கலவரத்தையும் வெள்ளையர்–கறுப்பர் உறவின் இறுக்கத்தையும் நேருக்கு நேர் காட்டியவை.

திருப்பம் 1972இல் வந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில், சித்திர வேலைப்பாடுள்ள துணி ஓரங்களைச் சட்டமாகக் கொண்ட திபெத்திய, நேபாளத் தங்கா ஓவியங்களைப் பார்த்தார். மரச்சட்டம் இல்லாமலேயே ஓவியம் நிற்க முடியும் என்று அங்கே கண்டுகொண்டவர், ஊர் திரும்பியபின் தம் ஓவியங்களுக்குத் துணி ஓரம் வைக்கத் தொடங்கினார். அவற்றைத் தைத்துக் கொடுத்தவர் தாயார்தான். பெண் கலைஞர்களுக்கு இதில் இருந்த நடைமுறை வசதியும் சிறியதன்று. கனமான சட்டமிட்ட ஓவியத்தை வண்டி பிடித்து, ஆள் வைத்துத் தூக்க வேண்டும். துணி ஓவியத்தைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு யார் தயவும் இல்லாமல் கண்காட்சிக்குப் போய்விடலாம்.

தாயும் மகளும் சேர்ந்து 1980இல் செய்த முதல் குவில்ட்டின் பெயர் 'ஹார்லத்தின் எதிரொலிகள்'. மகள் அக்கம்பக்கத்து மனிதர்களின் முகங்களை வரைந்தார். தாய் துணிகளை இணைத்துத் தைத்தார். வில்லி போஸி அந்தத் தையலைத் தம் பாட்டியிடம் கற்றவர். பாட்டி அதைத் தம் தாய் சூசி ஷானனிடமிருந்து கற்றவர். சூசி ஷானன் அடிமையாகப் பிறந்து, பண்ணை எசமானர்களுக்காகக் குவில்ட் தைத்தவர். எசமானர் வீட்டுக்காகத் தைத்த கையிலிருந்து இறங்கிவந்த தையல், நான்கு தலைமுறை கழித்துத் தம் சொந்த ஊரின் முகங்களுக்குச் சட்டமானது. அடுத்த ஆண்டே தாயார் மறைந்தார். அதன்பின் தைத்த ஒவ்வொன்றிலும் தாயின் இடத்தையும் சேர்த்து நிரப்ப வேண்டிய நிலை ரிங்கோல்டுக்கு வந்தது.

கேள்வி: துணியில் கதையை எழுதும் எண்ணம் அவருக்கு எப்படி வந்தது? தம் சொந்த வாழ்க்கையைத்தான் எழுதினாரா?
– ஒரு வாசகி, மதுரை

அவர் தம் வரலாற்றை முதலில் தாளில்தான் எழுதினார். எழுதி முடித்த தன்வரலாற்றை வெளியிட அப்போது பதிப்பாளர் யாரும் முன்வரவில்லை. அதற்கு அவர் கண்ட வழி, கேட்கும்போது எளிதாகத் தோன்றினாலும், அசாத்தியமான மனத்திண்மை உள்ளவருக்கே தோன்றக்கூடியது: குவில்ட்டின் மீதே கதையை எழுதிவிட்டால், கண்காட்சிக் கையேட்டில் குவில்ட்டின் படம் அச்சாகும்போது கதையும் சேர்ந்து அச்சாகிவிடும். பதிப்பாளரின் சம்மதம் வேண்டியதில்லை.

இந்த வகையில் முதலாவது 1983இல் வந்தது. ஆன்ட் ஜெமைமா என்பது அமெரிக்காவில் பேன்கேக் மாவுப் பொட்டலத்தில் பல தலைமுறைகளாக அச்சிடப்பட்டுவந்த, தலையில் துணி கட்டிய கறுப்பினப் பணிப்பெண்ணின் உருவம். ரிங்கோல்ட் அந்தப் பெண்ணுக்கு ஒரு குடும்பத்தையும் சொந்தமாக ஓர் உணவகத்தையும் கொடுத்து, அடுத்தவர் அடுப்படியிலிருந்து அவளை வெளியே கொண்டுவந்து, வெற்றி பெற்ற வணிகப் பெண்ணாக ஆக்கினார். வரைந்த முகங்களும் துண்டுத் துணிகளும் கையால் எழுதிய கதைக் கட்டங்களும் அடுத்தடுத்து வரும்படி அதை அமைத்தார்.

முழுக்கத் தம்மைப் பற்றியே அவர் செய்தது 1986இல் வந்த 'மாற்றம்'. நூறு பவுண்டுக்கு மேல் எடை குறைத்த கதை என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். குழந்தைப் பருவத்திலிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய காலம் வரையிலான தம் புகைப்படங்களைத் துணியில் அச்சிட்டு, ஒவ்வொரு காலகட்டத்திலும் தாம் எப்படி உண்டார், எந்தக் கவலையில் உண்டார், யாருடைய பேச்சு மனத்தில் தைத்தது என்பதையெல்லாம் பக்கத்திலேயே எழுதினார். அதைச் சுவரில் மாட்டியதோடு நிற்காமல், பார்வையாளர் முன்னிலையில் நிகழ்ச்சியாகவும் நடத்திக்காட்டினார். உலகப் புகழ் பெற்றது அடுத்து நான் சொல்லப்போகும் குவில்ட் என்றாலும், துணிவில் இதற்கே முதலிடம் கொடுப்பேன். உடம்பைப் பற்றிப் பிறர் சொல்லக்கூடிய சொல் அத்தனையையும் தாமே முதலில் சொல்லிவிட்டு, அந்தப் பேச்சைத் தம் கைக்குள் எடுத்துக்கொண்டார் அவர்.

புகழ் பெற்றது, நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கும், 1988இல் செய்த 'டார் பீச்'. கடற்கரைக்குப் போக வசதியில்லாத ஹார்லம் குடும்பங்கள் கோடை இரவுகளில் தார் பூசிய மொட்டைமாடியில் பாய் விரித்து, சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துக் காற்று வாங்குவார்கள். அந்த மாடியே அவர்களுடைய கடற்கரை. படத்தின் நடுவில் மாடி. பெரியவர்கள் நால்வர் சீட்டு விளையாடுகிறார்கள். ஒரு மேசை நிறைய உணவு. கொடியில் துணி காய்கிறது. எட்டு வயதுச் சிறுமி கேஸியும் அவள் தம்பியும் மெத்தையில் மல்லாந்து வானத்தைப் பார்க்கிறார்கள். தொலைவில் விளக்குகளோடு ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், அதற்கு மேலே பறப்பவளும் அதே கேஸிதான். மேலும் கீழும் ஓடும் வெள்ளைத் துணிப் பட்டைகளில் அவள் வாய்மொழியாகக் கதை எழுதியிருக்கிறது. சுற்றிலும் பூப்போட்ட அச்சுத் துணிச் சதுரங்கள் கரையாக நிற்கின்றன.

அந்தப் பாலத்தைக் கட்டியவர்களில் அவள் அப்பாவும் ஒருவர். ஆனால் நிறத்தின் காரணமாகத் தொழிற்சங்கத்தில் சேர முடியவில்லை. ஆகவே கேஸி சங்கக் கட்டடத்தின் மேல் பறந்து அதை அப்பாவுக்கு உரியதாக்குகிறாள். ஐஸ்கிரீம் ஆலையின் மேல் பறந்து, வீட்டில் ஒவ்வொரு இரவும் ஐஸ்கிரீம் கிடைக்கச் செய்கிறாள். கேஸி கற்பனைப் பாத்திரம். மாடியும் சீட்டாட்டமும் ரிங்கோல்டின் சிறுவயது. தம் வாழ்க்கையை எழுதினாரா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் இருக்காது: நினைவில் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, கிடைக்காமல் போனதைக் கற்பனையால் சேர்த்தார். இதுவே 1991இல் குழந்தைகளுக்கான படப் புத்தகமாக வந்து பரிசுகள் பெற்றது. முன்பு மறுக்கப்பட்ட தன்வரலாறும் 1995இல் புத்தகமாகிவிட்டது. 2024 ஏப்ரலில், 93ஆம் வயதில் அவர் காலமானார்.

கேள்வி: ரிங்கோல்டுக்கு முன்னால் இப்படிக் கதை சொல்லும் குவில்ட் தைத்தவர்கள் உண்டா?
– ஒரு வாசகர், திருச்சி

உண்டு. அவர்களில் ஒருவரின் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஹாரியட் பவர்ஸ் 1837இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகருக்கு அருகே அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் கணவரோடு சிறிய நிலம் ஒன்றில் பயிர்செய்து வாழ்ந்தார். அவர் தைத்தவற்றுள் இன்று நமக்குக் கிடைப்பவை இரண்டே குவில்ட்டுகள். ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திலும், மற்றது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன.

முதலாவது பதினொரு கட்டங்களில் விவிலியக் கதைகளைச் சொல்வது. 1886இல் ஏதென்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டபோது, ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதை வாங்க விரும்பினார். எந்த விலைக்கும் தருவதில்லை என்று பவர்ஸ் மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்துக் குடும்பத்தில் பணமுடை ஏற்பட்டது. அவரே குவில்ட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து டாலர் கேட்டார். ஐந்துதான் தர முடியும் என்றார் ஸ்மித். அந்த ஐந்து டாலருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கதை இருக்கிறது என்பதை வாய்மொழியாகச் சொன்னார். ஸ்மித் அதை எழுதி வைத்துக்கொண்டார். விற்ற பிறகும் அந்தக் குவில்ட்டைப் பார்ப்பதற்காகவே பவர்ஸ் பலமுறை அந்த வீட்டுக்குப் போனார் என்பதும் ஸ்மித்தின் குறிப்பினால்தான் நமக்குத் தெரிகிறது.

இரண்டாவது குவில்ட்டில் பதினைந்து கட்டங்கள். விவிலியத்தின் யோபுவும் யோனாவும் அதில் இருக்கிறார்கள். அவர்களோடு, மக்கள் வாய்வழியாகக் கேட்டு நடுங்கிய நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. 1780 மே 19 அன்று பகலிலேயே வானம் இருண்டது ஒரு கட்டத்தில். 1833 நவம்பர் 13 அன்று விண்கற்கள் மழையாகப் பொழிந்தது இன்னொன்றில். விண்மீன் மழை பெய்தபோது பவர்ஸ் பிறக்கவேயில்லை. உலகம் முடிந்துவிட்டது என்று மக்கள் அஞ்சினார்கள், கடவுளின் கை விண்மீன்களைத் தடுத்து நிறுத்தியது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டதை அவர் தைத்திருக்கிறார். ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரை 500 மைல் ஓடிய பெட்ஸ் என்ற சுதந்திரமான பெண் பன்றியும் ஒரு கட்டத்தில் இருக்கிறது. வடக்கு நோக்கி ஓடிய அந்தப் பன்றியைத் தப்பியோடிய அடிமைகளின் சாயலாகச் சிலர் படிக்கிறார்கள். பவர்ஸ் அப்படிச் சொல்லி வைக்கவில்லை என்றாலும், அடிமையாக இருந்த ஒரு பெண் அந்தப் பன்றிக்குத் தம் குவில்ட்டில் ஓர் இடம் ஒதுக்கினார் என்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

அந்த விளக்கங்கள் எழுத்தில் பதியாமல் போயிருந்தால், இன்று நாம் பார்ப்பது உருவங்கள் ஒட்டிய அழகான இரண்டு போர்வைகளாக மட்டுமே இருந்திருக்கும். ரிங்கோல்ட் எழுத்தைத் துணியின் மீதே ஏற்றியதன் பெருமை பவர்ஸின் கதையைத் தெரிந்துகொண்டவருக்கு முழுதாக விளங்கும்: ரிங்கோல்டின் கதை நிலைப்பதற்கு, அக்கறையுள்ள இன்னொருவர் பக்கத்தில் இருந்து குறித்துவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கேள்வி: அமெரிக்க அடிமைகள் தப்பிச் செல்லும் வழியைக் குவில்ட் வடிவங்களில் இரகசியக் குறிகளாகத் தைத்துக் கொடியில் தொங்கவிட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?
– ஒரு வாசகர், ஈரோடு

1990களின் இறுதியில் பெரிதும் பரவிய கருத்து இது. குவில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதற்குச் சான்று இல்லை என்று மறுத்திருக்கிறார்கள். தப்பிவந்தவர்கள் தம் அனுபவங்களை ஏராளமாக எழுதியும் சொல்லியும் இருக்கிறார்கள். அவற்றில் இந்தக் குறிகளைப் பற்றிய பேச்சு இல்லை. குறிகளாகச் சொல்லப்படும் வடிவங்களில் சில, அடிமை முறை ஒழிந்த பிறகு தோன்றியவை. கேட்பதற்கு இனிய கதை என்பதால் பள்ளிகளில்கூடச் சொல்லிக்கொடுக்கிறார்கள்; சூசி ஷானனும் ஹாரியட் பவர்ஸும் உண்மையில் செய்ததைச் சொல்லிக்கொடுத்தாலே பிள்ளைகளுக்கு அது நிறைவான பாடமாக இருக்கும்.

கேள்வி: ஓவியம் வரையத் தெரியாத சாதாரணப் பெண்கள் தைத்த போர்வையையும் கலை என்று அருங்காட்சியகங்கள் ஏற்றுக்கொள்கின்றனவா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

தாமதமாகத்தான் ஏற்றன, அதிலும் துணியை முதலில் ஏற்றுக்கொண்டு, தைத்தவரைப் பல ஆண்டுகள் கழித்தே ஏற்றன. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1971இல் பழைய அமெரிக்கக் குவில்ட்டுகளை நவீன ஓவியங்களைப் போல வெள்ளைச் சுவரில் மாட்டிக் காட்டியது. பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தைத்தவர் பெயர் என்று ஒன்றில்லை.

அதே அருங்காட்சியகத்துக்கு 2002இல் வந்த கண்காட்சி அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தது. மூன்று பக்கமும் அலபாமா ஆறு வளைத்து ஓடும் அந்த ஊரில் வாழ்பவர்கள் பழைய பருத்திப் பண்ணை அடிமைகளின் வழிவந்தவர்கள். பலருக்கும் பண்ணையாரின் பெட்வே என்ற பெயரே குடும்பப் பெயராக இருக்கிறது. 1960களில் வாக்குரிமைக்காக அவர்கள் கிளம்பிய காலத்தில், எதிர்க்கரையிலிருந்த மாவட்டத் தலைநகருக்குப் போகும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அது திரும்ப வர 2006 ஆனது. அந்தக் கண்காட்சியில் ஒவ்வொரு குவில்ட்டின் பக்கத்திலும் தைத்தவரின் பெயரும் அவர் வாழ்க்கையும் இருந்தன.

அவற்றில் மிசூரி பெட்வே 1942இல் தைத்த ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கணவர் இறந்த சில காலத்தில், அவர் வயல் வேலைக்கு உடுத்திய துணிகளை எடுத்து, மகள் ஆர்லோன்சியாவையும் கூட்டிக்கொண்டு வெட்டித் தைத்தார். கணவரின் நினைவாக இருக்கட்டும், அன்புக்காக அதன் கீழ் போர்த்திப் படுத்துக்கொள்கிறேன் என்று தாயார் சொன்னதாக மகள் பின்னாளில் நினைவுகூர்ந்தார். வேலைத் துணியில் தைத்த கீஸ் பெண்ட் குவில்ட்டுகளை அருகில் பார்த்தால், முழங்கால் தேய்ந்து ஒட்டுப்போட்ட இடமும், பையைப் பிரித்தெடுத்த இடத்தில் வெயில் படாமல் தங்கிவிட்ட அசல் நீலமும் கண்ணில் படும். அந்த மனிதர் எங்கே மண்டியிட்டார், எந்தப் பைக்குள் கை விட்டார் என்பது வரை அதில் இருக்கிறது. வரையத் தெரியாததனால் இவர்களுக்கு எந்தக் குறையும் நேரவில்லை.

பெயர் விடுபட்டுப்போனதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1841இல் இங்கிலாந்திலிருந்து தாஸ்மானியாவுக்கு ராஜா என்ற கப்பலில் நாடுகடத்தப்பட்ட பெண் கைதிகள், சிறைச் சீர்திருத்தச் சங்கத்துப் பெண்கள் கொடுத்தனுப்பிய துணியையும் நூலையும் கொண்டு, கப்பலிலேயே ஒரு பெரிய குவில்ட்டைத் தைத்து முடித்தார்கள். துணி கொடுத்த சீமாட்டிகளுக்கு நன்றி சொல்லும் வாசகத்தை நுணுக்கமாகத் தைத்தும் வைத்தார்கள். தைத்த பெண் ஒருத்தியின் பெயர்கூட அதில் இல்லை.

கேள்வி: நம் நாட்டில் இப்படி ஒரு மரபு இருக்கிறதா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

வங்கத்தில் காந்தா இருக்கிறது. பழைய புடவைகளையும் வேட்டிகளையும் சில அடுக்குகளாக அடுக்கி, நிறத்துக்கு வேண்டிய நூலைப் புடவைக் கரையிலிருந்தே உருவி, ஓட்டுத் தையலால் உருவங்கள் நிரப்புவார்கள். நடுவில் பஞ்சு கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தம் தந்தைக்காகத் தைத்த காந்தா கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்தில் உள்ளது; தாம் தைத்தது என்பதை அதிலேயே எழுத்தாகத் தைத்துவிட்டார். அவர் காலத்துப் பெண்களுக்கு எழுத்தறிவு கிடைப்பதே அரிதாக இருந்த நிலையில், அந்தச் சில எழுத்துகளைப் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

பிகாரின் முசாபர்பூர் மாவட்டத்தில் பூசுரா என்ற கிராமத்தின் சுஜனி வேலைப்பாடு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. பிறந்த குழந்தைக்குப் பழந்துணியில் தைக்கும் விரிப்பாக இருந்த இது, 1980களின் இறுதியில் கிராமத்துப் பெண்களின் வருமானத்துக்கு வழியாக மறுபடி எடுக்கப்பட்டபோது, அவர்கள் மயிலையும் தாமரையையும் தைத்ததோடு நிற்கவில்லை. வரதட்சணைக்காக நடக்கும் பேரம், குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவன், பஞ்சாயத்துக் கூட்டத்தில் முகத்திரை விலக்கிப் பேசும் பெண் என்று தங்கள் ஊரில் நடப்பதைத் தைத்தார்கள். இந்தக் கலையைப் பல ஆண்டுகளாக வளர்த்துவரும் நிர்மலா தேவிக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கேள்வி: சொந்தக் கதை என்றால் குடும்பத்துக் கசப்புகளையும் தைக்கத்தான் வேண்டுமா? பிள்ளைகள் பார்ப்பார்களே என்று தயக்கமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

வேண்டியதில்லை. ரிங்கோல்ட் கூசாமல் வெளியே வைத்தது தம் உடம்பைப் பற்றிய கதையை; அதைச் சொல்லும் உரிமை அவருக்கு முழுமையாக இருந்தது. உங்களுக்கு நேர்ந்ததை நீங்கள் சொல்லலாம். உயிரோடு இருக்கும் இன்னொருவரின் துயரத்தை அவர் சம்மதமின்றிச் சுவரில் மாட்டக் கூடாது. சொல்லவும் வேண்டும், வெளிப்படையாகவும் இருக்கக் கூடாது என்றால் துணியே அதற்கு இடம் தருகிறது: அந்த ஆண்டு நீங்கள் உடுத்திய புடவையின் ஒரு துண்டை மட்டும் வையுங்கள். காரணம் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

கேள்வி: என் தாயார் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய புடவைகள் பீரோவில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு குவில்ட் தைக்க விரும்புகிறேன். தையல் மெஷின் ஓட்டத் தெரியும். இதைச் செய்தது இல்லை. எப்படித் தொடங்குவது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

எல்லாப் புடவைகளையும் வெட்ட எண்ணாதீர்கள். அவர் அதிகம் உடுத்திய பருத்திப் புடவைகளில் நாலைந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தோய்ந்து மென்மையான பருத்தியில் ஊசி சிரமமில்லாமல் இறங்கும். பட்டுப் புடவையை முதல் முயற்சிக்குத் தொட வேண்டாம். பல ஆண்டுகள் மடித்தே வைத்த பட்டு மடிப்பு வழியே இற்றுப்போயிருக்கும்; ஜரிகையும் ஊசிக்கு ஒத்துழைக்காது. ஒவ்வொரு புடவையையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரியும் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பகுதிதான் வேண்டும் என்று மனம் கேட்டால், மெல்லிய மல் துணியை அடியில் வைத்து இரண்டையும் ஒரே துணியாகக் கருதித் தையுங்கள். சுங்குடி போன்ற சாயப் புடவைகளில் ஈரமான வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அது பக்கத்துத் துண்டுகளையும் கெடுத்துவிடும்.

அளவு மூன்றடிக்கு மூன்றடி போதும். கட்டில் அளவுக்குத் தொடங்கியவை பலரிடம் பாதியில் மூட்டையாகக் கிடக்கின்றன. நம் ஊர் வெக்கைக்குப் பஞ்சு அவசியமில்லை. காந்தாவில் செய்வதுபோல் இன்னொரு பழைய புடவையையே நடுவில் மடித்து வைக்கலாம். அடித்துணிக்குக் காடா துணி வாங்கினால், முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டபின் வெட்டுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் முதல் சலவையில் அது சுருங்கி மேல்துணியையும் இழுத்துவிடும். துண்டுகளை மெஷினில் இணையுங்கள். கால் அங்குலத் தையல் இடம் எல்லாத் துண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். மூன்று அடுக்கையும் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நீண்ட தற்காலிகத் தையலால் பிடித்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு வாருங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி குவிந்து நிற்கும்.

எந்தத் துண்டை எங்கே வைப்பது என்பதை அழகை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அடுப்படியில் கை துடைத்துத் துடைத்து நிறம் போன முந்தானை ஓரம், சிறிய கிழிசலை அவரே இழுத்துத் தைத்த இடம், கரையில் அவர் போட்ட முடிச்சின் சுருக்கம் ஆகியவை கண்ணில் பட்டால் வெட்டியெறியாமல் நடுவே வையுங்கள். அவர் கையால் போட்ட தையல் ஒன்று கிடைத்தால், அதைச் சுற்றியே மற்றவற்றை அமைக்கலாம்.

பின்பக்கத்தில் ஒரு மூலையில் வெள்ளைத் துணித் துண்டு வைத்து, அவர் முழுப்பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த ஆண்டுகள், ஒவ்வொரு புடவைக்கும் ஒரு வரி, கடைசியில் உங்கள் பெயரும் தைத்து முடித்த ஆண்டும் எழுதுங்கள். உங்கள் பெயரைக் கூச்சத்தால் விட்டுவிட வேண்டாம். பேனா மை சலவையில் கரைந்துவிடும். பென்சிலால் எழுதி அதன் மேல் நூலால் தைத்துவிட்டால் துணி இருக்கும் வரை இருக்கும். முடித்தபின் பாலித்தீன் பையில் அடைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, மடிப்பு ஒரே இடத்தில் விழாதபடி மாற்றி மடியுங்கள். அந்துருண்டையைத் துணியின் மேல் நேரடியாகப் போடாதீர்கள்.

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உடன்பிறந்தவர்களையும் அத்தை, சித்தி போன்றவர்களையும் ஒருநாள் வீட்டுக்கு அழைத்து, புடவைகளை விரித்துப்போட்டு, எது எந்தத் தீபாவளிக்கு வந்தது, யார் எடுத்துக் கொடுத்தது, எதை உடுத்திக்கொண்டு எங்கே போனார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே புடவைக்கு இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். வெட்டக் கூடாது என்று யாராவது ஒரு புடவையைக் கேட்டால், அதை அவருக்கே கொடுத்துவிடுங்கள்.